அடுப்படிக்குக் கயிறு கட்டியவர்

படகுத்துறையில் இறங்கி நாலு எட்டு வைத்தால் டிக்கெட் மாஸ்டர் வீடு வந்துவிடும். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. ஆனால் துறைமுகக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஆயுசெல்லாம் படகு டிக்கெட் கிழித்தவரை, ஓய்வு பெற்ற பிறகும் தீவு அப்படியேதான் கூப்பிட்டது. உலகத்தை ஒரு சின்ன ஜன்னல் ஓட்டை வழியாகவே பார்த்துப் பழகிய மனுஷன். ஓய்வு பெற்ற மறுநாள் அந்த ஓட்டை இல்லாமல் அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

போதாக்குறைக்கு வீட்டில் மனைவியும் இல்லை. மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. ஒன்று தூங்கினால் மற்றது அழும் என்பதால், ஒரு மாசத்தில் வருவதாகக் கிளம்பிப் போன மனைவி, அக்கரையில் மகள் வீட்டிலேயே தங்கும்படி ஆகிவிட்டது. டிக்கெட் மாஸ்டர் டீக்கடையில் பன் தின்று, பக்கத்து வீட்டில் வாங்கிச் சாப்பிட்டு, தினசரியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காலம் தள்ளினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி கடைசிப் படகைத் தவறவிட்டாள். அக்கரையில் இருக்கும் பண்பாட்டுச் சங்கத்திலிருந்து தீவைப் பார்க்க வந்தவள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். டிக்கெட் மாஸ்டருக்குச் சொந்த வீட்டில் டம்ளர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. தேடிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். அவளும் பின்னாலேயே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குனிந்து போக வேண்டிய வாசல். ஜன்னல் கிடையாது. கரி ஏறி ஏறிப் பளபளக்கிற கல் சுவர். தரையோடு தரையாக மண் அடுப்பு. மேலே உறியில் தொங்கும் சட்டிகள்.

"சார், இது பொக்கிஷம் சார்! இந்த மாதிரி அடுப்படி இப்போ எங்கயுமே இல்ல. இதை யார் இன்னும் பயன்படுத்தறாங்க?"

"என் வீட்டுக்காரிதான்."

"அவங்க இப்போ எங்க?"

"மக வீட்டுக்குப் போயிருக்கா. வர்றதுக்கு நாளாகும்."

"ரொம்ப நல்லது" என்றாள் அந்தப் பெண். எந்த அர்த்தத்தில் சொன்னாளோ, டிக்கெட் மாஸ்டர் அதைப் பெரிய உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

அவள் சொன்ன யோசனை இதுதான்: தீவு வாழ்க்கைக்கு ஓர் அருங்காட்சியகம். சங்கம் அங்கீகாரம் கொடுத்தால் வாசலில் செப்புத் தகடு பதிப்பார்கள், சுற்றுலா வரைபடத்தில் வீடு ஒரு புள்ளியாக வரும். இதைக் கேட்டதிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே தெருத் தெருவாகப் போய்ப் பழைய சாமான் கேட்டார். தீவு மக்களுக்கு வீட்டைக் காலி பண்ண இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? கிழிந்த வலை, ஓட்டை விழுந்த மீன்கூடை, நங்கூரக்கல், கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்கு, பாடாத ரேடியோ எல்லாம் வந்து குவிந்தன. கடலைப் பார்த்த முன் அறையில், காற்று ஜிலுஜிலுவென்று வரும் பெரிய ஜன்னல்களுக்கு நடுவே, அவற்றை வரிசையாக அடுக்கி அட்டையில் பேர் எழுதி ஒட்டினார்.

எதிர்வீட்டு மீன்காரன் ஒரு துடுப்பைக் கொடுத்திருந்தான். 'பழங்காலத் துடுப்பு' என்று எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். விடிந்தால் அவன் ஜன்னலில் வந்து நிற்பான்.

"அண்ணே, அந்தப் பழங்காலத்தைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. கடலுக்குப் போகணும்."

"பத்து மணிக்குள்ள கொண்டாந்து மாட்டிடணும்."

"மீன் பட்டா முன்னாடியே வந்துடுவேன். படலேன்னா உங்க மியூசியம் கொஞ்சம் லேட்டாத் தொறக்கட்டும்."

ஆனால் வந்தவர்கள் எல்லாம் விரும்பிப் பார்த்தது அடுப்படியைத்தான். அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு கட்டினார். அக்கரையில் மூடிப்போன ஜவுளிக்கடையிலிருந்து ஒரு பொம்மையை வாங்கி வந்தார். ரோஜா நிற முகம், நீலக் கண், யாரையோ வரவேற்பதுபோல் தூக்கிய ஒரு கை. மனைவியின் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத ஊதாப் புடவையை எடுத்து அதற்குச் சுற்றினார். தூக்கிய கையில் ஒரு கரண்டியைக் கட்டினார். பக்கத்தில் அட்டை: 'தீவுப் பெண். தொடாதீர்கள்.'

முதல் கூட்டம் வந்தபோது, உயிரோட்டமாக இருக்கட்டுமே என்று அடுப்பையும் மூட்டிவிட்டார். ஆயுசில் முதல் தடவையாக அடுப்பு மூட்டுகிறவர், ஈர விறகுக்கும் காய்ந்த விறகுக்கும் வித்தியாசம் தெரியாமல் கையில் கிடைத்ததைச் செருகினார். வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, வாசலில் தலையை முட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஓர் அம்மாள் திரும்பிப் படகுக்கே போய்விட்டாள்.

டிக்கெட் மாஸ்டர் துடித்துப் போனார். அன்று சாயங்காலமே தச்சரைக் கூப்பிட்டு, கூரையில் ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதிக்கச் சொன்னார். சுவரை உடைத்துப் புகையை வெளியே இழுக்க எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும் வைக்கச் சொன்னார்.

தச்சர் ஏணியில் நின்றபடி கீழே பார்த்தார். "ஏண்ணே, இதைத்தானே அண்ணி கல்யாணம் ஆகி வந்த புதுசுலேர்ந்து கேட்டாங்க? நானே எத்தனை தடவை வந்து அளவெடுத்துட்டுப் போயிருக்கேன். அப்பல்லாம் கூரை வீக்காயிடும்னு சொன்னீங்களே?"

"அப்போ இது வீடு" என்றார் டிக்கெட் மாஸ்டர். "இப்போ இது நிறுவனம்."

இதையெல்லாம் மனைவியிடம் ஃபோனில் சொல்லலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பார். ஆனால் அவள் குரலைக் கேட்டதும் பேரக்குழந்தைகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

"அடுப்படியில எலி கிலி வரலையே?" என்பாள் அவள்.

"சேச்சே. அந்தப் பக்கம் நான் யாரையுமே விடறதில்ல."

அது பொய்யில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

வருகிறேன் என்று சொன்ன நாளுக்கு முந்தியே அவள் வந்துவிட்டாள். காலைப் படகில் வந்த பார்வையாளர்களோடு அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். டிக்கெட் மாஸ்டர் வாசல் ஓரத்தில் ஒரு தட்டி அடித்து, அதில் பழக்கதோஷத்துக்கு ஓர் ஓட்டையும் போட்டு, உள்ளே உட்கார்ந்திருந்தார். வளையல் போட்ட கை ஒன்று ஓட்டைக்கு முன்னால் வந்தது.

"ஒண்ணா, ரெண்டா?" என்றார், தலை நிமிராமல்.

"ஒண்ணுதான். கூட யாரும் வரல."

கிழித்த டிக்கெட் அவர் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

அவள் அதை இழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். டிக்கெட் மாஸ்டர் தட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். சத்தம் போடுவாள், பொம்மையைத் தூக்கி எறிவாள், வந்தவர்கள் முன்னால் மானம் போகும் என்று என்னென்னவோ நினைத்து அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் சிவப்புக் கயிற்றுக்கு இந்தப்பக்கம், மற்ற பார்வையாளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். பொம்மையைப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். அட்டையைப் படித்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். மேலேயிருந்து வெயில் ஒரு பாயை விரித்ததுபோல் மண் அடுப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"இந்த வெளிச்சம் எங்கேர்ந்து வருது?"

"கண்ணாடி... கூரையில போட்டிருக்கேன். அந்த ஃபேனும் போட்டது."

"யாருக்காக?"

"வர்றவங்களுக்குக் கண்ணு எரியுதாம்."

"ஓ" என்றாள் அவள். "அவங்களுக்கு எரியுதாமா?"

அவ்வளவுதான். இதற்கு அவள் நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பார்வையாளர்கள் போனதும், பின்கட்டில் அவளுக்காகத் தயார் செய்திருந்த இடத்தைக் காட்டினார். நாலு தகரம், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். அவள் அதையும் ஒரு பொருட்காட்சியைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். சிவப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். பொம்மையை இடுப்பில் தூக்கிக் கொண்டுபோய்க் கிழிந்த வலைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்து, வெளிச்சத்தின் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஃபேன் சுற்றியது. புகை அதன் பக்கமாக ஓடுவதை அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். டிக்கெட் மாஸ்டர் கயிறு இல்லாத வாசலில் நின்று, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கூட்டம் கூடியது. பொம்மையைப் பார்ப்பதைவிட நிஜமாகவே ஒருத்தி சமைப்பதைப் பார்க்க எல்லோருக்கும் பிடித்திருந்தது. டிக்கெட் மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். எல்லாம் தன் ஏற்பாடுதான் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவளும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், ஆனால் தன் பாணியில்.

"இந்தக் கண்ணாடி எந்தக் காலத்துதும்மா?"

"போன மாசத்துது."

"அதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க?"

"இருமிக்கிட்டு."

அப்படியிருக்கும்போதுதான் பண்பாட்டுச் சங்கத்தார் சோதிக்க வந்தார்கள். ஆராய்ச்சிக்காரப் பெண், கழுத்தில் கேமரா தொங்கும் ஓர் ஆள், இவர்களுக்கு முன்னால் தலைவர். வெள்ளை மீசை, சுத்தமான சட்டை, எதைப் பார்த்தாலும் 'அடடா' என்று உருகுகிற குரல். முன் அறையில் துடுப்பைப் பார்த்து ஓர் அடடா, நங்கூரக்கல்லைப் பார்த்து ஓர் அடடா. துடுப்பு அன்றைக்கு இன்னும் ஈரமாகவே இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அடுப்படிக்குள் குனிந்து நுழைந்ததும் அடடா என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி மேலே பார்த்தார்.

"இது ஆதியில இருந்ததா?"

"இல்லீங்க சார்" என்றார் டிக்கெட் மாஸ்டர். "வசதிக்காகப் போட்டது."

"எடுத்துடுங்க. அந்த ஃபேனையும் எடுத்துடுங்க. இதெல்லாம் இருந்தா இது போலி. புகைதான் சார் அந்த வாழ்க்கையோட ஆத்மா. அந்தப் புகையில ஒரு தாய் உட்கார்ந்து சமைக்கறாளே, அதுதான் பண்பாடு. அது இல்லாம நான் எப்படி அங்கீகாரம் தர்றது?"

டிக்கெட் மாஸ்டர் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. செப்புத் தகடு கண்ணுக்குள் மின்னியது. "நாளைக்கே தச்சரை வரச்சொல்லி அடைச்சுடறேன் சார்."

அடுப்பில் கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு எதுக்கு? சார் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. உண்மையானதைப் பார்க்காமப் போனா எப்படி? என்னங்க, அந்தச் சாக்கை எடுத்துக்கிட்டு மேல ஏறுங்க."

டிக்கெட் மாஸ்டர் சாக்கோடு கூரையேறினார். கண்ணாடியின் மேல் அதை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தார். இறங்கி வந்தபோது உள்ளே இருட்டாக இருந்தது. ஃபேன் நின்றிருந்தது. சங்கத்தார் மூன்று பேரும் சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்களும் வாங்க" என்றாள் மனைவி. "குடும்பத் தலைவர் இல்லாமப் பாரம்பரியமா?"

"நான் வெளியில..."

"அம்மா சொல்றது சரிதான், நீங்களும் உட்காருங்க" என்றார் தலைவர்.

டிக்கெட் மாஸ்டர் உட்கார்ந்தார். "கடல்காத்து அடிச்சா தீ நிக்காது. அந்தக் காலத்துல கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சமைப்போம்" என்று அவள் கதவைச் சாத்தினாள். முதல்நாள் மழையில் நனைந்த விறகை எடுத்து அடுப்பில் திணித்தாள். குழம்புச் சட்டியை இறக்கிவிட்டு, முதலிலிருந்து உலை வைத்தாள்.

புகை முதலில் தரையில் தவழ்ந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்தது. பிறகு எங்கும் அதுவே ஆனது. கேமராக்காரர் முதலில் இருமினார். ஆராய்ச்சிக்காரப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். விருந்தாளியாக உட்கார்ந்துவிட்ட பிறகு எழுந்து ஓடுவது மரியாதையில்லை என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சீக்கிரத்தில் அந்த முகமும் தெரியாமல் போனது. டிக்கெட் மாஸ்டருக்குக் கண்ணில் மிளகாய்த் தூளை வாரிப் போட்டதுபோல் இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் நெஞ்சில் யாரோ ரம்பம் போட்டார்கள். புகைக்குள்ளிருந்து ஊதுகுழல் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. ஊதுவாள், இருமுவாள், மறுபடியும் ஊதுவாள். அந்த இருமல் அவருக்குப் புதுசில்லை. முன் அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே வருஷக்கணக்கில் கேட்ட சத்தம்தான். அது எங்கிருந்து வருகிறதென்று இப்போதுதான் உள்ளே உட்கார்ந்து பார்க்கிறார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார், குரல் வராமல்.

"இப்பத்தானே தண்ணி சுடுது" என்றாள் அவள்.

ஒருவழியாகச் சோறு வெந்தது. சாப்பிட்டோம் என்று பேர் பண்ணிவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். தலைவரின் வெள்ளை மீசையில் கரி. கன்னத்தில் கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. டிக்கெட் மாஸ்டருக்கு ஒரு நிம்மதி: முடிந்தது, தகடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இந்த ஆள் திட்டிவிட்டுப் போகட்டும். தலைவரோ அந்த அம்மாளுக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார்.

"அம்மா, நான் எத்தனையோ மியூசியம் பார்த்துட்டேன். எங்கயும் அழுததில்ல. இன்னிக்கு அழுதுட்டேன். இதுதான் கலை. இதுதான் உண்மை. அங்கீகாரம் உண்டு. ஆனா அந்தக் கண்ணாடியை மட்டும் நிரந்தரமா அடைச்சுடணும். தினமும் வீட்டைச் சேர்ந்த ஒருத்தர் இதே மாதிரி அடுப்பு மூட்டணும்."

ஆராய்ச்சிக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்காரியை ஏறிட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இருமல் வந்துவிட்டது. அவளும் தலையசைத்துவிட்டுப் படகுக்குப் போனாள்.

அன்று பொழுது சாயும்வரை டிக்கெட் மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். மனைவி சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தினமும் இப்படித்தான் இருந்துச்சா?" என்றார்.

"இல்ல. மழைக்காலத்துல இதைவிட மோசம்."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே?"

"சொன்னேன். பேப்பர்ல ஏதோ முக்கியமான சேதி வந்திருந்துச்சு போல."

அவர் தண்ணீரைக் குடித்தார். "தகடு வேண்டாம்னு எழுதிப் போட்டுடறேன்" என்றார். மனசார நினைத்துத்தான் சொன்னார். இருந்தாலும் சொல்லும்போது குரல் கம்மியது. அது இருமலால் மட்டும் கம்மிய குரல் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா?

"எதுக்கு வேண்டாங்கறீங்க? தகட்டை வாங்கி மாட்டுங்க. கண்ணாடியையும் அடைங்க. எனக்கு அந்த முன் ரூமைக் குடுத்துடுங்க."

"முன் ரூமா? அங்க சாமானெல்லாம் இருக்கே. துடுப்பு, வலை..."

"துடுப்புக்கு எதுக்குங்க காத்து? தூக்கி உள்ள வைங்க. பழசெல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்."

மறுநாளே டிக்கெட் மாஸ்டர் சாமானையெல்லாம் அடுப்படிக்குள் மாற்றினார். தச்சர் வந்து கடல் பார்த்த ஜன்னலோரமாக மேடை கட்டினார். வேலை முடிகிறவரை ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டேயிருந்தார். கேஸ் அடுப்பு வந்தது. அவள் நின்றுகொண்டு சமைத்தாள். சமைத்துக்கொண்டே படகு வருவதையும் போவதையும் பார்த்தாள். வலையும் கூடையும் ரேடியோவும் அடுப்படிச் சுவரின் கரியைப் பூசிக்கொண்டு கிடந்தன. ஒரே மாசத்தில் அவை நிஜமாகவே பழங்காலத்துச் சாமான்களாகிவிட்டன. மீன்காரன் மட்டும் துடுப்பைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

செப்புத் தகடும் வந்தது. வாசலில் பதித்த அன்று டிக்கெட் மாஸ்டர் அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"நாளையிலேர்ந்து அடுப்பு மூட்டணுமே."

"மூட்டுங்க."

"நானா?"

"வீட்டைச் சேர்ந்தவங்க ஒருத்தர்னுதானே அவர் சொன்னார்? பொம்பளைன்னு சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல."

அப்படித்தான் டிக்கெட் மாஸ்டர் அடுப்படிக்குப் போனார். வாசல் தட்டியில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பது அவள் பொறுப்பாயிற்று. முதல் வாரம் அவருக்குப் புருவம் பொசுங்கியது. இரண்டாம் வாரம் விறகை வெயிலில் காயவைக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் விறகு ரொம்பக் காய்ந்தால் புகை வராது, புகை வராவிட்டால் அங்கீகாரம் போய்விடும் என்பதால், காய்ந்த விறகின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவும் கற்றுக்கொண்டார். தெருவில் போகும்போது மீன்காரன், "என்ன, தீவுப் பெண் கடைக்குக் கெளம்பியாச்சா?" என்பான். தெருவே சிரிக்கும். திங்கட்கிழமை மட்டும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை விடலாமா என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தார். எனக்கு எந்தத் திங்கட்கிழமை லீவு விட்டீங்க என்று அவள் கேட்டாள். அவர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

ஒருநாள் அக்கரையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவன் பெரிய கேமரா வைத்திருந்தான். அடுப்படி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"என்ன ஒரு அமைதியான வாழ்க்கை! இல்ல சார்?"

டிக்கெட் மாஸ்டர் ஊதுகுழலை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "அமைதிதான் சார். வாயைத் தொறந்தா இருமல் வந்துடும், அதனால யாரும் பேசறதில்ல."

அவன் சிரித்தான். "நீ உள்ள போய் உட்காரு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று மனைவியிடம் சொன்னான். "அடுப்பு ஊதற மாதிரி. நல்லா இருக்கும்."

அந்தப் பெண் முந்தானையைச் சரி செய்துகொண்டு தயங்கித் தயங்கிக் குனிந்தாள். டிக்கெட் மாஸ்டர் எழுந்து அவளுக்கு வழியை மறித்தாற்போல் நின்றார்.

"நீங்க இருங்கம்மா. முன் ரூம்ல நல்லாக் காத்து வரும், என் வீட்டுக்காரி டீ போட்டுக்கிட்டிருக்கா, போய்க் குடிங்க." பிறகு கணவனிடம் கையை நீட்டினார். "சார், கேமராவை எங்கிட்டக் குடுங்க. நீங்க உட்காருங்க. நான் எடுக்கறேன்."

அவன் விழித்தான். மனைவியைப் பார்த்தான். அவள் அதற்குள் முன் அறைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள். வேறு வழியில்லாமல் ஷூவைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். டிக்கெட் மாஸ்டர் ஒரு கை தண்ணீரை அள்ளி விறகின் மேல் தெளித்தார்.

"எவ்வளவு நேரம் சார் ஆகும்?" என்றான் அவன், முதல் இருமலோடு.

"ரொம்ப இல்ல" என்றார் டிக்கெட் மாஸ்டர். "சோறு வேகற வரைக்கும்தான்."